பாத்திரக்கடையில் சொல்லக் கூடாத சொற்கள்

எங்கள் கடையில் எது கேட்டாலும் இருக்கும். தீர்ந்துபோனதும் இருக்கும். பெரிய அண்டா ஒன்றுகூடக் கைவசம் இல்லாவிட்டாலும் "நாளைக்கு வருது அண்ணாச்சி" என்றுதான் சொல்ல வேண்டும். "இல்ல" என்ற சொல் வாயில் வரக் கூடாது. சாயங்கால விளக்கை அணைக்கக் கூடாது, "குளிர வைக்க" வேண்டும். கடையை மூடக் கூடாது, "எடுத்து வைக்க" வேண்டும். வெளியே கிளம்புகிறவரிடம் "எங்க போறீங்க" என்று கேட்டால் போன காரியம் விளங்காதாம். "தூரமா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணச் சீர் வாங்க வருகிற கடை இது, நாலு நல்ல வார்த்தை புழங்க வேண்டிய இடம் என்பது என் மாமனாரின் சட்டம்.

நான் பிறந்தது நாகலாபுரத்தில். எங்கள் தெருவில் ஆடு வேலி தாண்டினாலே வாயாலேயே அதற்குப் பாடை கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட வாயோடு கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடைக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தால் எப்படி இருக்கும்? முதல் ஆறு மாசம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை யோசித்துக்கொண்டேன். அதுவே எனக்குப் பெரிய தவம்.

அத்தை, அதாவது என் மாமியார், நான் வருவதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். அதையும் மாமா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "உங்க அத்தை கிளம்பினதுக்கு அப்புறம்" என்பார். ஏதோ எட்டயபுரத்துக்குப் பஸ் ஏறிப் போன மாதிரி. கூடத்தில் இருந்த அத்தையின் படத்துக்கு மாலை கிடையாது, பொட்டு கிடையாது. நடு அறையில் அத்தையின் பீரோ பூட்டியே இருந்தது. அதன் சாவி மாமாவின் சட்டைப் பையில் இருக்கும். சட்டை மாற்றும்போது சாவியும் மாறும். நான் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரும் பேசியதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணத்தோடு அது போயிற்று. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஊரில் நான் இன்னார் மருமகள், இன்னார் பொண்டாட்டி. அதற்கு மேல் என்னைப் பற்றி யாருக்கும் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், சில நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் பில் போடுவதற்கென்று கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கடை போனில் இன்டர்நெட்டும் வந்தது. கரண்டு வருவதும் போவதுமாக இருந்த காலம். மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் நான் போய் உட்கார்ந்து துழாவித் துழாவி ஒரு வேலை பிடித்தேன். கனடாவில் இருந்த ஒரு பெண்மணி ஒரு வலைத்தளம் நடத்தினார். அதற்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுத ஆள் வேண்டும் என்றார். நான் எழுதி அனுப்பிய மாதிரிக் கட்டுரை அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் அந்தத் தளம் எதைப் பற்றியது என்று முழுசாகப் படித்தேன்.

வீட்டில் ஒருவர் செத்துப்போனால் மற்றவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தளம் அது. அடக்கம், சவப்பெட்டி, மரணச் சான்றிதழ், எல்லாம் அதில் உண்டு. கேளுங்கள் கூத்தை, குத்துவிளக்குகளுக்கும் சீர்த்தட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதப் போவது அது!

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். நீ பாட்டுக்கு எழுது, சத்தம் போட்டுப் படிக்காத" என்றார்.

எழுதினேன். ஆனால் கடையின் காற்று என் விரலிலும் ஏறிவிட்டிருந்தது. மாமா ரெண்டு அடி தள்ளி உட்கார்ந்து சொம்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சாவு என்று எப்படி அடிப்பது? அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றாலும் எனக்குக் கை கூசியது. துணைவரை இழந்தவர்கள் அவருடைய துணிமணிகளை என்ன செய்யலாம் என்று அந்தக் கனடாப் பெண்மணி ஒரு கட்டுரை கேட்டிருந்தார். நான் "ஆண்டவன் திருவடி சேர்ந்தவரின் ஆடைகள் குறித்து" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு வைத்து, உள்ளேயும் "நம்மை விட்டு நீங்கியவர்", "ஒளியில் கலந்தவர்" என்று பூப்பூவாக எழுதி அனுப்பினேன். படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

பதில் வந்தது. யார் அந்த ஆண்டவன், அவர் பாதத்துக்கும் என் வாசகர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார் அந்தப் பெண்மணி. கூடவே ஒரு செய்தி. என் கட்டுரைகள் எதையும் யாரும் வந்து படிக்கவில்லை. தேடுபொறியில் அவை எங்கேயோ கடைசியில் கிடக்கின்றன. இந்தத் துணிமணிக் கட்டுரையைத் திருப்பி எழுதித் தருகிறாயா? ஆகஸ்டு முடிவதற்குள் அது தேடுபொறியின் முதல் பக்கத்தில் வந்தால் சேர்ந்து வேலை பார்க்கலாம், வராவிட்டால் நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்திருந்தார்.

எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போனால் மறுபடி இன்னார் மருமகள், இன்னார் பொண்டாட்டி, குளியலறைத் தண்ணீர்.

முதல் பக்கத்துக்கு வருவது எப்படி என்று அவரே சில விஷயங்களை எழுதியிருந்தார். ஜனங்கள் எந்தச் சொல்லை அடித்துத் தேடுகிறார்களோ அந்தச் சொல் தலைப்பில் இருக்க வேண்டும். முதல் பத்தியிலேயே வர வேண்டும். கட்டுரையின் இணைய முகவரியில் இருக்க வேண்டும். தேடல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி தெரியுமே, அந்த இரண்டு வரியில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். படம் போட்டால் அது என்ன படம் என்று எழுத வேண்டும். இதையெல்லாம் நான் நாலு தடவை படித்தேன். என் தலைப்பில் என்ன கோளாறு என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. நல்ல ஆங்கிலம்தானே?

ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஏட்டி, பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் எப்படிக் கூவுதான்? அரண்மனை இருக்கிற ஊருக்கு வாங்க, பழைய ஜமீன் ஊருக்கு வாங்கன்னா கூவுதான்? எட்டயபுரம், எட்டயபுரம், எட்டயபுரம்னுதான கூவுதான். அப்பத்தான ஏற வேண்டியவன் ஏறுவான்?" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. கனடாவிலோ எங்கேயோ பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருத்தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். அவன் "ஒளியில் கலந்தவர்" என்றா அடிப்பான்? அவன் நெஞ்சு வெந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். இருக்கிறதிலேயே நேரான வார்த்தையைத்தான் அடிப்பான்.

சரி என்று மறுநாளே உட்கார்ந்து, எனக்கே உரிய குணப்படி, அடுத்த கோடிக்குப் போனேன். வரிக்கு வரி செத்துப்போன, செத்துப்போன. கரிசல் காட்டில் மழைக்கு நடந்தால் செருப்பில் மண் அப்பிக்கொண்டு வருமே, அந்த மாதிரி ஒவ்வொரு வாக்கியத்திலும் அது ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவும் திரும்பி வந்தது. ஒரே சொல்லை இப்படித் திணித்தால் படிக்கிறவன் ஓடிவிடுவான், தேடுபொறியும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடும்; மனுஷர் பேசுகிற மாதிரி எழுது, தேவையான இடத்தில் மட்டும் சொல் என்றார். அடப் போங்கம்மா, சொல்லாவிட்டாலும் தப்பு, சொன்னாலும் தப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் வினை நடந்தது. வைகாசி முகூர்த்தக் கூட்டம். புதூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் பெண்ணையும் கூட்டிக்கொண்டு சீர் எடுக்க வந்திருந்தது. நான் உள்ளே கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்தேன். யார் வந்தார்கள், யார் நிற்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. மாமா குத்துவிளக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பெண்ணின் அம்மா கையில் கொடுக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தேன்.

"ஏங்க, 'செத்துப்போன பொண்டாட்டி'ன்னு எடுத்த எடுப்புலயே போட்டா நல்லா இருக்குமா?"

பெண்ணின் அம்மா விளக்கை அப்படியே கீழே வைத்தார். "இன்னொரு நாளைக்கு வாரோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மொத்தக் குடும்பமும் படி இறங்கிற்று. அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "முகூர்த்தம் முடியுத வரைக்கும் அந்தப் பெட்டியத் தொடாத தாயி." அவர் தாயி என்றதுதான் எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் முகூர்த்தம் ஆனி கடைசி வரைக்கும் இருந்தது. அதுவரைக்கும் எழுதாமல் இருந்தால் ஆகஸ்டுக்குள் நான் எங்கே முதல் பக்கம் போவது?

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பலகையால் தடுத்துத் தடுத்து, ஆளுக்கு ஒரு திரை போட்ட இடம். முழுக்கக் காலேஜ் பையன்கள். அதற்குள் சேலையும் குங்குமமுமாக நான் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? போனேன். எனக்கு வேலை முக்கியம்.

அங்கே உட்கார்ந்துதான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். தேடுகிற பெட்டியில் பாதி வாக்கியம் அடித்து நிறுத்தினால், மிச்சத்தை அதுவே கீழே வரிசையாக நீட்டும். முன்னால் வந்தவர்கள் அடித்துக் கேட்ட கேள்விகள் அவை. என்ன சொல் போடலாம் என்று நாம் மோட்டுவளையைப் பார்த்து யோசிக்கவே வேண்டாம், ஜனங்களே சொல்லிவிடுகிறார்கள். மனைவி என்று அடித்தால் ஒரு வரிசை வரும், கணவன் என்று அடித்தால் இன்னொரு வரிசை. நான் இரண்டையும் அடித்துப் பார்த்தேன். "புருஷன் செத்தபின் என்ன செய்வது", "புருஷன் செத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்", "செத்த புருஷனின் சாமான்களை எப்படி அப்புறப்படுத்துவது" என்று ஆங்கிலத்தில் ஒன்று விடாமல் அடித்தேன்.

அந்தச் சென்டர்காரரின் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில், உள்ளே யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அது எனக்குத் தெரியாது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். நான் எந்தக் கடை மருமகள் என்று அவருக்குத் தெரியும், நேராகக் கடைக்குப் போன் போட்டார். எடுத்தது மாமா.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மாமாவின் மொபெட் வந்து நின்றது. சட்டைப் பித்தான்கூடச் சரியாகப் போடவில்லை. திரையை விலக்கிப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"ஏம்மா, எம் மவன் ஏதும் சொன்னானா? கை நீட்டிட்டானா?"

"ஐயோ மாமா, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"பின்ன என்னத்துக்கு, அவன்..." வாயில் வரவில்லை. "அவன் கிளம்பினா என்ன செய்யணும்னு பாக்குத?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் குலுங்குகிறது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். கனடா, கட்டுரை, ஆகஸ்டு, முதல் பக்கம், எட்டயபுரம் பஸ் எல்லாம் சொன்னேன். இந்த வேலை போனால் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது மாமா என்பதையும் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்கு அங்கன? படி."

"மாமா, எல்லாம் அந்த மாதிரி வார்த்தையா இருக்கு."

"இது நம்ம கடை இல்லேல்லா. படி."

அவர் வாயிலிருந்து முதல் தடவையாக "இல்ல" கேட்டேன். மனைவி என்று அடித்து, கீழே நீண்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"பொண்டாட்டி செத்துப்போயிட்டா, அவ துணிய எப்ப எடுக்கலாம்னு கேக்காங்க. செத்துப்போன பொண்டாட்டி துணிய அப்படியே வச்சிருந்தா தப்பாங்காங்க."

"யாரு கேக்கா?"

"தெரியாது மாமா. எந்தெந்த ஊர்க்காரங்களோ."

"வெள்ளக்காரனுமா?"

"ஆமா."

"அவனும் பூட்டித்தான் வச்சிருக்கானா" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை. பக்கத்துத் தடுப்பில் ஒரு பையன் ஏதோ விளையாட்டில் டமால் டமால் என்று சுட்டுக்கொண்டிருந்தான்.

"நீ அதுக்கு என்ன பதில் எழுதியிருக்க?"

"துவைச்சு மடிச்சு யார் யாருக்குக் குடுக்கலாம்னு எழுதியிருக்கேன்."

"அதெல்லாம் பொறவு. மொதல்ல திறக்கணும்லா." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "அவ சேலைக்கு நடுவுல தாழம்பூ மடல் வச்சிருப்பா. திறந்தா அந்த வாசனை போயிரும்மா. ஒரு தடவ திறந்தா ஒரு தடவைக்கு உண்டானது போயிரும். அதுக்குத்தான் திறக்கல."

இத்தனை நாள் இந்த மனுஷரைச் சட்டம் பேசுகிறவர் என்றுதானே நினைத்தேன். ஒரே வீட்டில் ஒரே பீரோவைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

"மாமா, இத எழுதிக்கிடட்டுமா?"

"பேரு போடாத" என்றார். எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "இங்கன வராத இனிமே. கடைக்கே வா. ஆனா வாயால சொல்லாத, கையால மட்டும் அடி." வெளியே போகும்போது சென்டர்காரரிடம், "எம் மருமக பெரிய வேலை பாக்கா, தெரிஞ்சுக்கோ" என்று சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்தக் கட்டுரையை நான் மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இறந்த மனைவியின் துணிகளை என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் நேராகத் தலைப்பு வைத்தேன். தலைப்புக்குக் கீழே தெரியும் இரண்டு வரியில், அலமாரியைத் திறக்கவே பயமாக இருக்கிறதா, அதிலிருந்து தொடங்குவோம் என்றேன். முதல் பத்தியில் தாழம்பூவைச் சொன்னேன். கனடாக்காரர்களுக்குத் தாழம்பூ தெரியாது என்பதால் அது என்ன பூ என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். ஜனங்கள் கேட்ட கேள்விகளையே உள்தலைப்புகளாக வைத்துப் பதில் எழுதினேன். அந்தச் சொல் எங்கே வர வேண்டுமோ அங்கே மட்டும் வந்தது. சான்றிதழ் பற்றி நான் முன்னால் எழுதிய கட்டுரைக்கு ஓர் இணைப்பும் கொடுத்தேன். அந்தப் பெண்மணி இந்தத் தடவை ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அப்புறம் காத்திருப்பது ஒன்றுதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். கரண்டு வரும்போதெல்லாம் ஓடிப்போய்த் தேடிப் பார்ப்பேன். முதலில் கண்ணிலேயே படவில்லை. அப்புறம் எங்கேயோ பின்னால் தலை காட்டியது. அப்புறம் நாலாவது பக்கம். அப்புறம் இரண்டாவது பக்கத்தில் வந்து சண்டி மாடு மாதிரிப் படுத்துக்கொண்டது. மாமா எதுவும் கேட்க மாட்டார். வெளியே கிளம்பும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, "தூரமா?" என்பார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "கிட்ட வந்துருச்சு மாமா" என்பேன்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்குக் கூட்டம் அள்ளியது. ஆகஸ்டு முடியப் போகிறது. நான் பில் போட்டுக்கொண்டே, நடுவில் ஒரு தடவை தேடிப் பார்த்தேன். முதல் பக்கம்! கடைசி வரிசைதான், ஆனாலும் முதல் பக்கம்.

"மாமா, வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன்.

"எது?"

கடை நிறைய ஜனம். ஒரு கல்யாணப் பெண் தட்டில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டேன். போன தடவை பட்டது போதும்.

மாமா கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தார். "செத்துப்போனவ துணிய என்ன செய்யணும்னு எழுதினியே, அதுவா?"

என் வீட்டுக்காரர் ஏணியில் பாதியில் நின்றுகொண்டு அப்பாவையே பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மாமா நடந்து வந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, என் முன்னால் வைத்தார்.

"உங்க அத்தை செத்து இத்தன வருஷமாச்சு. பீரோவத் திறந்துருவோம் தாயி. நானும் கூட இருக்கேன்."

யாரும் படி இறங்கவில்லை. அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா கையை எடுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திறங்க அண்ணாச்சி" என்றார். "இன்னைக்கு நல்ல நாள்தான்."